படுகளம் பார்க்கப் போகிறவர்களுக்கு: கொங்கு நாட்டு அண்ணன்மார் விழாவுக்கு ஒரு வழிகாட்டி

அண்ணன்மார் என்று கொங்கு நாட்டார் கும்பிடும் பொன்னரும் சங்கரும் களத்தில் மாண்டதையும், அவர்களுடைய தங்கை அருக்காணித் தங்காள் அவர்களை எழுப்பியதையும், ஆண்டுதோறும் ஊர் கூடி மீண்டும் நடத்தும் நிகழ்ச்சியே படுகளம். வேலைக்காகவோ திருமணத்தாலோ கொங்கு நாட்டுக்கு வந்து சேர்ந்தவர்களும், இங்கேயே பிறந்து கோவையிலும் திருப்பூரிலும் நகரத்துப் பிள்ளைகளாக வளர்ந்தவர்களும் இதைப் பார்க்க விரும்பினால், எப்போது போவது, எங்கே நிற்பது, எப்படி நடந்துகொள்வது என்பவற்றை அறிந்து போவதற்காக இந்தக் கட்டுரையை எழுதுகிறேன்.

எல்லாவற்றுக்கும் முன்பாக ஒன்றைச் சொல்ல வேண்டும். கதையைக் கேட்காமல் படுகளத்தை மட்டும் பார்க்கப் போகாதீர்கள். கதை தெரியாதவருக்கு அன்று கண்ணில் படுவது வெள்ளைத் துணி போர்த்திய உடல்களும், பறையொலியும், அழுகையும் மட்டுமே. கதையைத் தெரிந்துகொண்டு போகிறவரோ, பக்கத்தில் நிற்கும் மூதாட்டி எந்த வரியில் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார், ஏன் துடைத்துக்கொள்கிறார் என்பது வரைக்கும் புரிந்துகொள்வார். ஆகவே பயணத்துக்கான முதல் படி பேருந்து நிலையத்தில் தொடங்குவதில்லை, கதையில் தொடங்குகிறது.

முதலில் கதை

பாடுகிறவருக்குப் பாடுகிறவர் கதை சிறிது மாறும். எனினும் அதன் நடுத்தண்டு ஒன்றுதான். குன்னுடையாக் கவுண்டரும் தாமரையும் பிள்ளையில்லாமல் நெடுங்காலம் வாடுகிறார்கள். பங்காளிகளின் வஞ்சகம் ஒருபுறம், மலடி என்ற வசை மறுபுறம். தாமரை கடுந்தவம் இருந்து, சிவனிடம் வரம் பெற்று, பொன்னர், சங்கர் என்ற இரு மகன்களையும் தங்காள் என்ற மகளையும் ஒரே பேற்றில் பெறுகிறாள். ஆண் பிள்ளைகளைப் பங்காளிகள் கொன்றுவிடுவார்கள் என்பதால், அவர்களைச் செல்லாண்டியம்மன் மறைத்து வளர்க்கிறாள். பெரியவர் பொன்னர் பொறுமைக்கும் நிதானத்துக்கும் பேர் போனவர். சின்னவர் சங்கரின் வாளும் கோபமும் ஒன்றையொன்று முந்தும். இருவருக்கும் நிழலாகக் கூடவே வருபவன் சாம்புவன்.

தங்காள் காட்டிலிருந்து ஒரு சோடிக் கிளி வேண்டும் என்று கேட்கிறாள். அண்ணன்மார் கிளி பிடிக்கக் காட்டுக்குள் போக, அந்தக் காட்டை ஆளும் தரப்போடு பகை மூள்கிறது. கொம்பன் என்ற பெரும் பன்றி வந்து வயலையும் கரையையும் அழிக்கிறது. அதை வேட்டையாடும் இடத்தில் பொன்னாச்சி என்ற சின்னஞ்சிறு பெண்நாய் செய்யும் உதவியைக் கேட்கக் குழந்தைகள் விழித்திருப்பார்கள். அதற்குப் பிறகு கதை முழுவதும் இறங்குமுகம். தலையூர்க் காளி என்ற எதிரித் தலைவனின் தரப்போடு போர் நடக்கிறது. விதித்த ஆயுள் பதினாறு ஆண்டு முடிந்ததை மாயவராகிய திருமால் எய்த அம்பால் அறிந்துகொண்ட சங்கர், வன்னி மரத்தடியில் தன் வாளின் மேலேயே சாய்கிறார். தம்பியைத் தேடி வந்த பொன்னரும் அவ்விதமே சாய்கிறார். கெட்ட கனவு கண்ட தங்காள் அரண்மனைக்குத் தீயிட்டுவிட்டுக் காடு மேடெல்லாம் அழுதுகொண்டு அலைகிறாள். வீரமலையில் தவம் இருக்கும் பெரியகாண்டியின் அருளால் களத்தைக் கண்டடைந்து, அண்ணன்மாரை எழுப்புகிறாள். எழுந்தவர்கள் தங்கையிடம் பேசிவிட்டு மறுபடியும் போய்விடுகிறார்கள். இதுதான் படுகளத்தின் உயிர்நிலை என்பது என் எண்ணம்: உயிர் மீள்வது வாழ்வதற்காக அன்று, விடைபெறுவதற்காக.

கதையில் மோதும் இரு தரப்பாரின் வழியில் வந்தவர்களாகத் தம்மைக் கருதும் குடும்பங்கள் இன்றும் இதே வட்டாரத்தில் அருகருகே வாழ்கின்றன. தலையூர்க் காளியைக் கெட்டவன் என்று உரக்கப் பேசுவதும், இன்ன சாதியார் கதை இது என்று தீர்ப்புச் சொல்வதும் விருந்தினராக வந்தவருக்கு அழகில்லை. பறை முழக்கி முன்னே போகும் சாம்புவன் இல்லாமல் அண்ணன்மார் இல்லை என்பதை அண்ணன்மார் கோயில்களில் காணலாம்; அண்ணன்மார் சிலைகளோடு அவனுக்கும் சிலை உண்டு. கதை எல்லாருக்கும் உரியது என்ற எண்ணத்தோடு போவதே நல்லது.

விழாவை எப்படிக் கண்டுபிடிப்பது

அண்ணன்மார் கதைப் பாட்டு பெரும்பாலும் அறுவடை முடிந்து காட்டில் வேலை குறைந்திருக்கும் மாசி முதல் சித்திரை வரையான காலத்தில் நடைபெறும். எல்லா ஊரிலும் எல்லா ஆண்டும் நடக்காது. ஊர்க் கூட்டத்தில் முடிவு செய்து, கோயிலில் பூச்சாட்டி, காப்புக் கட்டிய பிறகுதான் தேதிகள் உறுதியாகும். எனவே ஆறு மாதம் முன்பே விடுப்புக்கு எழுதிக் கொடுத்துவிட்டுக் காத்திருக்கும் பழக்கம் இங்கே உதவாது. காங்கேயம், தாராபுரம், வெள்ளகோவில், கொடுமுடி வட்டாரங்களில் தெரிந்தவர் யாரேனும் இருந்தால் தை கடைசியிலேயே அவர்களிடம் சொல்லி வையுங்கள். யாரும் இல்லையென்றால், ஒரு அண்ணன்மார் கோயிலுக்குப் பகலில் ஒருமுறை போய்ப் பூசாரியிடம் கேளுங்கள். "ஏனுங்க, இந்த வருசம் நம்ம கோயல்ல அண்ணமாரு பாட்டு வெக்கறாங்களாங்க? படுகளம் என்னைக்குங்க?" என்று மரியாதையோடு கேட்டால், இந்தக் கோயில் விவரத்தோடு சுற்றுவட்டாரத்து ஊர்களின் விவரமும் சேர்ந்தே கிடைக்கும்.

அந்தப் பகல் நேரத்துப் பயணத்துக்கு இன்னொரு பயனும் உண்டு. கோயிலில் குதிரைகளையும், வாள் பிடித்த அண்ணன்மாரையும், கொம்பனையும், கன்னிமாரையும் கூட்டமில்லாமல் நின்று பார்க்கலாம். எந்தச் சிலை யாருடையது என்று அன்றே கேட்டு அறிந்துகொண்டால், இரவில் பாட்டுக்காரர் ஒரு பெயரைச் சொல்லும்போது அந்த உருவம் மனத்தில் வந்து நிற்கும்.

பாட்டு நடக்கும் இரவுகள்

கதை முழுவதையும் பதினெட்டு இரவுகள் பாடுவது பழைய வழக்கம். இப்போது பல ஊர்களில் அதைச் சுருக்கிச் சில இரவுகளில் முடித்துவிடுகிறார்கள். சில இடங்களில் ஒரே இரவில் முடிப்பதும் உண்டு. கனடாவைச் சேர்ந்த மானிடவியல் அறிஞர் பிரெண்டா பெக், 1960களின் நடுவில் காங்கேயத்தை அடுத்த ஓலப்பாளையத்தில் தங்கி ஆய்வு செய்தபோது, 1965-இல் இந்தக் கதையை உடுக்கைப் பாட்டுக்காரர்கள் பாடப் பாட ஒலிநாடாவில் பதிந்தார். நம் ஊர்க் கதை வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களில் படிக்கப்படுவதற்கு அந்தப் பதிவு பெரிய காரணமாயிற்று. அத்தகைய முழுப் பாட்டைக் கேட்கும் வாய்ப்பு உங்களுக்குக் கிடைக்குமானால், எந்த வேலையையும் ஒதுக்கிவிட்டுப் போங்கள். முழுப் பாட்டும் தெரிந்தவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். கேட்கிற ஆள் இருந்தால்தான் பாடுகிற ஆள் இருப்பார்.

பாட்டுக்காரர் உடுக்கையைக் கையில் வைத்துக்கொண்டு, சில அடிகளைப் பாடி, பிறகு அதையே வசனமாக விரித்துச் சொல்வார். பின்பாட்டுக்காரர் இறுதிச் சொற்களை வாங்கிப் பாடுவார். இடையிடையே "ஆமா", "அப்புறம்" என்று கேட்டுக் கதையை நகர்த்துவார். பாட்டில் பிடிபடாதது வசனத்தில் பிடிபட்டுவிடும் என்பதால், முதல் அரைமணி நேரம் ஒன்றும் விளங்கவில்லையே என்று புதியவர்கள் எழுந்து போய்விட வேண்டாம். உடுக்கையின் ஒலியை மட்டும் கவனித்திருங்கள்: வழிநடைக்கு ஒரு நடை, வேட்டைக்கு ஒரு நடை, புலம்பலுக்கு ஒரு நடை என்று அது மாறிக்கொண்டே இருக்கும்.

எல்லா இரவும் போக முடியாதவர்களுக்கு என் பரிந்துரை இதுதான். தாமரையின் தவம் பாடும் இரவுக்கு ஒருமுறையும், கொம்பன் வேட்டைக்கு ஒருமுறையும் போங்கள்; பிறகு படுகளத்துக்கு வாருங்கள். தாமரையின் துயரத்தைக் கேட்டிருந்தால் தங்காளின் துயரம் வேறு கனத்தோடு வந்து விழும். எந்த இரவில் எந்தக் கட்டம் என்பதைப் பாட்டுக்காரரே அன்றன்று பாட்டு முடியும்போது சொல்வார். முன்கூட்டிக் கேட்டாலும் சொல்வார்.

உட்காரத் தடுக்கோ பழைய போர்வையோ கொண்டு போங்கள். மாசி இரவில் பனி இறங்கும் என்பதால் தலைக்கு ஒரு துண்டும், போர்த்திக்கொள்ள ஒரு துப்பட்டியும் வேண்டும். வெறுந்தரையில் இருட்டில் நடக்க வேண்டியிருப்பதால் கைவிளக்கு அவசியம். ஊர்க் கோயில் வளாகத்துக்குள் செருப்பு கூடாது. பாட்டுக்காரருக்கும் கோயிலுக்கும் இடையே குறுக்கே நடக்கக் கூடாது. கடைசிப் பேருந்து போய்விட்ட பிறகுதான் பாட்டு சூடு பிடிக்கும் என்பதால், திரும்பிப் போக வாகனமோ, அங்கேயே விடியும்வரை தங்க ஏற்பாடோ முதலில் செய்துகொண்டு வாருங்கள். பாட்டுக்காரருக்குத் தட்டில் காணிக்கை வைப்பது முறை. எவ்வளவு என்பது உங்கள் விருப்பம்.

படுகளத்தன்று

சில ஊர்களில் பகலில், பல ஊர்களில் இரவு கடந்து விடியும் வேளையில் என்று நேரம் மாறும். எந்த ஊரானாலும் குறைந்தது இரண்டு மணி நேரம் முன்பே போய்ச் சேருங்கள். போனவுடன் களம் எது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கோயிலுக்கு முன்னுள்ள திடலோ, அருகிலுள்ள வெற்றுக்காடோ களமாகக் குறிக்கப்பட்டிருக்கும். அதன் எல்லைக்கு வெளியே, பறை அடிப்பவர்களுக்குப் பின்புறம் இல்லாமல் பக்கவாட்டில், சிறிது மேடான இடமாகப் பார்த்து நில்லுங்கள். கோயிலிலிருந்து களத்துக்கு வரும் பாதையில் மட்டும் நிற்கவே கூடாது. அருள் வந்தவர்கள் அந்த வழியில் ஓடி வருவார்கள். அவர்கள் முன்னால் இருப்பவரைப் பார்த்து விலகிப் போகும் நிலையில் இருக்க மாட்டார்கள்.

பாட்டு போர்க்கட்டத்தை நெருங்க நெருங்க உடுக்கையும் பறையும் வேகம் பிடிக்கும். காப்புக் கட்டி விரதம் இருந்தவர்கள் சிலருக்கு அருள் இறங்கும். அண்ணன்மார் சாய்ந்தார்கள் என்று பாட்டில் வரும்போது அவர்கள் ஒருவர் பின் ஒருவராகத் தரையில் விழுவார்கள். விழுபவர் அடிபடாதபடி தாங்கிப் பிடிக்க உறவினர்கள் கூடவே நிற்பார்கள். பிறகு விழுந்தவர்களை வரிசையாகக் கிடத்தி, வெள்ளை வேட்டியால் போர்த்திவிடுவார்கள். இதுதான் புதியவர்களைக் கலங்கச் செய்யும் நேரம். அவர்கள் நடிக்கவில்லை என்பதை மனத்தில் கொள்ளுங்கள். யாரும் அவர்களுக்கு ஒத்திகை வைக்கவில்லை, வசனம் கொடுக்கவில்லை. யார் விழுவார் என்பது விழும்வரை ஊருக்கே தெரியாது. அவர்கள் விழுந்ததைக் கண்டு பதறி, தண்ணீர் தெளிக்கவோ உலுக்கவோ ஓடாதீர்கள். பார்த்துக்கொள்ள ஊரில் பெரியவர்கள் இருக்கிறார்கள். எவருக்கேனும் உண்மையாகவே உடல்நலக் குறைவு என்று தோன்றினால், நீங்களே களத்துக்குள் இறங்காமல் பக்கத்திலுள்ள ஊர்க்காரரிடம் சொல்லுங்கள்.

உங்கள் குடும்பத்தில் எவருக்கேனும் வலிப்பு நோய் இருந்தாலோ, கூட்டத்திலும் பேரொலியிலும் மயக்கம் வரும் வழக்கம் இருந்தாலோ, களத்திலிருந்து தள்ளி, பந்தலின் ஓரத்தில் உட்கார வையுங்கள். பார்த்துக்கொண்டு நிற்பவர்களுக்கும் சில வேளைகளில் அருள் வருவது உண்டு. சிறு குழந்தைகளை அழைத்து வரலாமா என்று பலரும் கேட்கிறார்கள். ஊர்க் குழந்தைகள் அனைவரும் அங்கேதான் இருப்பார்கள். ஆனால் அவர்கள் கதையைக் கேட்டே வளர்ந்தவர்கள். உங்கள் குழந்தைக்கும் கதையைச் சொல்லி, கிடப்பவர்கள் எழுந்துவிடுவார்கள் என்பதையும் முதலிலேயே சொல்லி அழைத்து வாருங்கள்.

அதற்குப் பிறகு வருவது தங்காளின் புலம்பல். படுகளத்தில் நான் மிக உயர்வாகக் கருதுவது இந்தப் பகுதியைத்தான். பறை ஓய்ந்து, உடுக்கை மட்டும் மெல்ல ஒலிக்க, அண்ணன்மாரைத் தேடி அலையும் தங்கையின் குரலில் பாட்டுக்காரர் பாடுவார். சுற்றிலும் இருக்கும் பெண்கள் அந்தப் பாட்டோடு சேர்ந்து ஒப்பாரி வைப்பார்கள். தங்கள் வீட்டில் இறந்துபோன அண்ணன் தம்பிகளின் பேரைச் சொல்லி அழுபவர்களும் உண்டு. பிறந்த வீட்டையும் கூடப் பிறந்தவர்களையும் பற்றி வாய்விட்டு அழ ஒரு கொங்கு நாட்டுப் பெண்ணுக்கு ஆண்டில் ஒருமுறை ஊரே இடம் கொடுக்கிறது என்றால் அது எளிய செய்தி இல்லை. அந்த நேரத்தில் கைப்பேசியை உயர்த்தி அழும் முகங்களைப் படம் பிடிக்காதீர்கள். தெரிந்தவரேயானாலும் வேண்டாம்.

பிறகு தங்காளாக அருள் வந்த பெண்ணோ, அந்தப் பொறுப்புக்கென்று ஊரில் வழிவழியாக உள்ளவரோ, தீர்த்தக் குடத்தோடும் பிரம்போடும் களத்துக்கு வருவார். கிடப்பவர் ஒவ்வொருவர் மேலும் தீர்த்தம் தெளித்து, திருநீறு இட்டு, பிரம்பால் தொட்டு எழுப்புவார். ஒருவர் உடனே எழுந்துவிடுவார். இன்னொருவர் எழ நெடுநேரம் ஆகும். கடைசி ஆள் எழும்வரை ஊரார் யாரும் இடத்தைவிட்டு அகல மாட்டார்கள். நீங்களும் அகல வேண்டாம். முதல் ஆள் எழுந்ததும் படம் எடுத்துக்கொண்டு புறப்பட்டுப் போவது, கிடப்பவரின் தாயை ஒரு பக்கம் நிற்க வைத்துவிட்டு நாம் நம் வழியே போவதாகும்.

படம் எடுப்பதைப் பற்றிப் பொதுவாக: ஊர்ப் பெரியவரிடம் கேட்டு, அவர் எந்த இடத்தில் எந்த நேரத்தில் எடுக்கலாம் என்கிறாரோ அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பறக்கும் கேமராவை அனுமதி பெற்றுக்கூடக் கொண்டு வர வேண்டாம் என்பேன். உடுக்கையின் தாழ்ந்த நடையை அதன் இரைச்சல் விழுங்கிவிடும்.

நோம்பிச் சாப்பாடு, அதாவது விழாச் சாப்பாடு, பந்தியில் போடுவார்கள். கூப்பிட்டால் மறுக்காமல் உட்காருங்கள். கிடாய் வெட்டும் ஊரும் உண்டு, வெட்டாத ஊரும் உண்டு. சைவம் மட்டும் உண்பவர் அதை முன்பே சொல்லிவிட்டால் தயிர்ச்சோறும் பருப்பும் எப்படியும் கிடைக்கும்.

வீரப்பூருக்குப் போக விரும்பினால்

ஊர்ப் படுகளத்தை ஒருமுறை பார்த்துவிட்டவர்கள், அடுத்த ஆண்டு வீரப்பூர் மாசிப் பெருந்திருவிழாவுக்குப் போகலாம். வீரப்பூர் திருச்சி மாவட்டத்தில் மணப்பாறைக்கு மேற்கே இருக்கிறது. கதையில் வரும் வீரமலையும் பெரியகாண்டியம்மன் கோயிலும் அங்கேதான். கொங்கு நாட்டிலிருந்து குடும்பம் குடும்பமாக அங்கே போவது நெடுநாள் வழக்கம். மகா சிவராத்திரியை ஒட்டித் தொடங்கும் அந்த விழாவில் படுகளமும், வேடபரி என்னும் ஊர்வலமும், தேரோட்டமும் பிற்பகுதி நாட்களில் வரும். வேடபரியன்று சாம்புவனின் முரசு முன்னே முழங்க, பொன்னர் குதிரை வாகனத்திலும் பெரியகாண்டியம்மன் யானை வாகனத்திலும் எழுந்தருள, தங்காளும் உடன்வர, ஊர்வலம் அணியாப்பூருக்குச் சென்று அங்கே அம்பு போடும் நிகழ்ச்சி நடைபெறும். லட்சக்கணக்கில் கூட்டம் கூடும் நாள் அது. முதல்முறை போகிறவர்கள் குழந்தைகளோடும் முதியவர்களோடும் வேடபரிக்குப் போவதைவிட, விழாவின் தொடக்க நாட்களில் போய்க் கோயிலை நிதானமாகக் கும்பிட்டு வருவது நல்லது.

ஈரோட்டிலிருந்தும் கோவையிலிருந்தும் வருகிறவர்கள் ரயிலில் கரூர் வழியாகக் குளித்தலையில் இறங்கி, ஐயர்மலை, தோகைமலை வழியாக மணப்பாறைக்குப் பேருந்தில் போகலாம். பழனி, தாராபுரம் பக்கத்தார் திண்டுக்கல் போய், அங்கிருந்து திருச்சி செல்லும் ரயிலில் மணப்பாறையில் இறங்கலாம். மணப்பாறையிலிருந்து வீரப்பூருக்கு விழா நாட்களில் கூடுதல் பேருந்துகள் ஓடும். சொந்த வண்டியில் போகிறவர்கள் கரூருக்கும் குளித்தலைக்கும் இடையே மாயனூரில் சிறிது விலகி, காவிரிக்கரையில் உள்ள மதுக்கரைச் செல்லாண்டியம்மன் கோயிலைப் பார்த்துவிட்டுப் போகலாம். அண்ணன்மாரை மறைத்து வளர்த்த அம்மன் அவள்தான் என்று இந்த வட்டாரத்தார் கும்பிடுகிறார்கள். கதையின் தொடக்கத்தையும் முடிவையும் ஒரே நாளில் பார்த்துவிட அந்த வழியே உகந்தது.

வீரப்பூரில் தங்கும் விடுதிகளை நம்பிப் போகாதீர்கள். மணப்பாறையிலோ திருச்சியிலோ முன்பே அறை எடுத்துக்கொள்ளுங்கள், அல்லது உங்கள் ஊரிலிருந்து ஆண்டுதோறும் வண்டி கட்டிப் போகும் குழுவோடு சேர்ந்துகொள்ளுங்கள். பின்னது எல்லா வகையிலும் மேல். அவர்களுக்குக் களத்தில் நிற்கும் இடமும், சோறு ஆக்கும் மரத்தடியும், கூட்டத்தில் தவறிப்போனால் வந்து சேர வேண்டிய இடமும் தெரியும். பகல் வெயிலுக்குத் தண்ணீரும் குடையும், இரவுப் பனிக்குத் துப்பட்டியும் தலைக்கு ஒன்றாக எடுத்துக்கொள்ளுங்கள். குழந்தைகளின் சட்டைப்பையில் உங்கள் கைப்பேசி எண்ணை எழுதிய தாளை வைத்துவிடுங்கள். வேடபரி முடிந்ததும் எல்லா வண்டிகளும் ஒரே நேரத்தில் மணப்பாறைச் சாலையில் ஏறும் என்பதால், அவசரப்படாமல் மரத்தடியிலேயே இரவு உணவை முடித்துக்கொண்டு, கூட்டம் வடிந்த பிறகு புறப்படுங்கள்.